அறுக்காமல் விட்ட ஐந்து

காஸ்தீல் மேட்டுநிலத்தில் ஜூன் கடைசி.
முற்றிய பார்லி யாருக்கும் காத்திருக்காது.
காசில்தா ஓட்டும் அறுவடை இயந்திரத்துக்கு
ஹெக்டேர் கணக்கில் கூலி.
டீசல் அவள் செலவு,
தூசி அவள் வரவு.

பாதி வயல் தாண்டியதும்
கத்திக்கு ஆறு முழம் முன்னால்
விருட்டென்று எழுந்தது
வாலடியில் வெள்ளைப் பட்டை போட்ட பழுப்புப் பருந்து.
பிரேக்கை மிதித்து இறங்கித்
தாளை விலக்கினாள்:
வெறும் மண்ணில் கூடு.
மூன்று குஞ்சு, ஒரு கூமுட்டை.

மரத்தில் கூடு கட்டாத பருந்து இது,
பூனைப்பருந்து.
ஒரு காலத்தில் இந்த மேடெங்கும் இடுப்பளவு புல் நின்றது.
யாரோ உழுதார்கள்.
பருந்திடம் யாரும் சொல்லவில்லை.
ஒவ்வோர் ஏப்ரலும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்து
புல் என்று நினைத்துக் கதிருக்குள் இறங்குகிறது.
நினைப்பிலும் பிழையில்லை,
பார்லி புல்தானே.

கொங்குச் சீமையில்
உழுது விதைத்த மானாவாரிக்கும் காடு என்றே பேர்.
காட்டுக்குப் போகிறேன் என்றால்
களையெடுக்கப் போவதாகவும் இருக்கும்.
காசில்தாவின் மொழியில் அந்த வசதி இல்லை;
இதற்கொரு சொல், அதற்கொரு சொல்.
பருந்துதான் அங்கே
இரண்டையும் சேர்த்து வாசிக்கிறது.

கூட்டைச் சுற்றிப் பத்தடிக்குப் பத்தடி
விட்டுவிட்டு அறுத்தாள்.
"எவ்வளவு போச்சு?" என்றார்
நிலத்துக்காரர் எவாரிஸ்தோ.
"உங்க தொப்பி கொள்ளுமளவு."
அவர் தொப்பியைக் கழற்றி
உள்ளே பார்த்தார்.

மறுநாள் விடியலில்
அடித்தாள் மட்டும் மிஞ்சிய வெளியில்
தனியே நின்றது அந்தச் சதுரம்,
மழித்த தலையில் விட்ட குடுமி.
நரிக்கு முகவரி எழுதிக் கொடுத்த மாதிரி.
கூமுட்டையைக்கூட விட்டுவைக்கவில்லை.
வேலியே பயிரை மேய்ந்த கதை தெரியும்.
வேலியாக நின்ற பயிர்
காட்டிக்கொடுத்ததை அன்றுதான் பார்த்தாள்.

ஆண் பருந்து இரையோடு வந்தது.
அந்தரத்தில் கைமாற்றுவது அவற்றின் வழக்கம்;
பெண் மேலெழுந்து, மல்லாந்து, வாங்கிக்கொண்டது.
வாங்கியதும்
எங்கே இறங்குவதென்று தெரியாமல்
மூன்று வட்டம்.
பிறகு கல் குவியலில் உட்கார்ந்து
அந்த வயலெலியைத்
தானே தின்றது.

அடுத்த ஜூனில் காசில்தா
ஐந்து சதுரம் விட்டாள்.
ஒன்றில் கூடு. நான்கு பொய்.
தொப்பிக் கணக்கை விட்டு எவாரிஸ்தோ
சாக்குக் கணக்குக்கு வந்தார்.
"போன வருஷம் எலி தின்னது எத்தனை சாக்கு?"
என்று கேட்டாள்.
அவர் மழையைப் பற்றிப் பேசினார்.

வைக்கோல் கட்ட மறுபடி வந்தபோது
பொய்களில் குடியேறியிருந்தார்கள்.
ஒன்றில் காடை.
ஒன்றில், களைமருந்து மறந்துபோன
சிவப்புப் பாப்பிகள், எண்ணினால் நாற்பது இருக்கும்.
ஒன்றை இறங்கிப் பார்க்க நேரமில்லை.
வாய்க்காலை ஒட்டியிருந்த நான்காவதில்,
தாள் நிழலில்,
நரி.
மடியோரம் இரண்டு குட்டி.

காசில்தாவுக்கு உச்சந்தலை சுட்டது.
எஞ்சினை உறுமவிட்டாள்.
நரி ஒரு காதை மட்டும் திருப்பியது.
குட்டிகளில் ஒன்று
வெட்டுக்கிளியைத் துரத்திக் கதிரை விட்டு வெளியே வந்து
இயந்திரத்தைப் பார்த்து
உட்கார்ந்துகொண்டது.
எதிரே, வயலின் மறுகோடியில்,
கூட்டிலிருந்து புதிதாய்க் கிளம்பிய இரண்டு
காற்றில் நிற்கத் தெரியாமல்
சாய்ந்து சாய்ந்து போயின.

அவள் கெட்ட வார்த்தை ஒன்று சொல்லி,
யாரை என்று தெரியவில்லை,
ஸ்டீயரிங்கை ஒடித்துச் சுற்றிப் போனாள்.

கூலி நாளில் எவாரிஸ்தோ
நான்கு சதுரத்துக்குப் பிடித்துக்கொண்டார்.
"அஞ்சு விட்டேனே," என்றாள்.
"ஒண்ணை நான் பாக்கலை,"
என்றார்,
தொப்பியைக் கண் மறைய இறக்கிவிட்டு.